குளிரறைக் கன்று

தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தப் பெயரை யாரும் கேலிக்காக வைக்கவில்லை. பொழுது சாய்ந்தால் போதும், சின்னச் சின்ன இலைகளையெல்லாம் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டுவிடும். மலாய்க்காரர்கள் அதை அஞ்சு மணி மரம் என்பார்கள். கோல சிலாங்கூர் சாலையோரத்துக் கிழட்டு மரங்கள்கூட இந்த ஒழுக்கம் தவறியதில்லை. ஆனால் பக்கத்து அசாம் ஜாவா ஊரில், மகேந்திரன் வீட்டுப் பின்னறையில், தட்டையான மண்சட்டியில் முழ உயரத்துக்கு நின்ற கன்று மட்டும் அன்று இருட்டத் தொடங்கிய பிறகும் தூங்கவில்லை. இலைகள் எல்லாம் விரிந்து கிடந்தன. விரிந்த இலைகள் எல்லாம் கதவுப் பக்கம் பார்த்திருந்தன.

மகேந்திரன் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். ஏர்கோன் பழுது பார்ப்பவன் அவன். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கூரைச் சூட்டில் வெந்துவிட்டு வருகிறவனுக்குச் சொந்த வீட்டில் ஒரு குளிர்ந்த அறை இருந்தால் ஓடிப்போய் விழத் தோன்றும். அவனுக்குத் தோன்றியதில்லை. வாசலிலேயே நின்றான். பதினாறு டிகிரிக் குளிர் அவன் வியர்வை மேல் ஈரத்துணி போல ஒட்டியது.

"லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சா? இலை மூடலியே."

"லைட்ட அப்பவே அணைச்சிட்டேங்க." அவன் மனைவி புனிதவதி தரையில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு. "குட்டி உங்களுக்காக முழிச்சிக்கிட்டு இருக்கு. அப்பா வந்துட்டாருன்னு பாக்குது."

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். குளிக்கப் போனான். முதுகை யாரோ பார்ப்பது போன்ற உணர்வு குளியலறைக் கதவைச் சாத்தும் வரைக்கும் போகவில்லை.

குட்டி என்பது அவர்கள் பிள்ளை. பெயர் வைக்கும் நாள் வருவதற்கு முன்பே போய்விட்ட ஆண்பிள்ளை. ஒரு மத்தியானம் தாமான் குடியிருப்பு முழுக்க மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது, பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது, மறுநாள் மருத்துவமனையில் எல்லாம் முடிந்தது. இரத்தத்தில் கிருமி, புழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் பொறுமையாக இரண்டு முறை சொன்னார். புனிதவதி இரண்டு முறையும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பேசிய முதல் வார்த்தை, "அந்த ரூம்ல ஏர்கோன் மாட்டுங்க" என்பதுதான். யாருக்கு என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. மாட்டினான்.

சிறு பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். மகேந்திரன் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குழி மேல் கல் வைக்கக்கூடாது, சிமெண்டு போடக்கூடாது, பாரம் தாங்காது என்பார்கள். பதிலுக்குத் தகப்பன் கையால் தலைமாட்டில் ஒரு செடி நட வேண்டும். அன்றைக்கு மழை. தோட்டத்துச் சுடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் வீரண்ணன் அங்கிருந்த பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் முளைத்துக் கிடந்த கன்று ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தார். மகேந்திரன் நட்டான். புனிதவதி பார்க்கவில்லை. பெண்கள் அங்கே போவதில்லை.

ஒரு வருடம் கழித்துத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீடுகள் வரப்போகின்றன, சுடுகாட்டையும் சமப்படுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "நம்ம குட்டிய அங்க விட்டுறாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு சின்ன உடம்பு இந்நேரம் மண்ணாகியிருக்கும், அந்த மண்ணோடு கன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் போதும் என்று கோயில் பூசாரி சொன்னார். மகேந்திரன் போனான். இடுப்பளவு லாலாங் புல். மண் வாரும் இயந்திரம் ஏற்கெனவே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மேடுகள் எல்லாம் கலைந்து கிடந்தன. வழி காட்ட வீரண்ணன் இல்லை, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பெரிய மரம் காய்களைக் கொட்டிக் கொட்டி, சுற்றிலும் நூற்றுக்கணக்கில் கன்றுகள், எல்லாம் ஒரே உயரம். அன்றைய மழையில் எந்தப் பக்கம் நட்டோம் என்பதே நினைவில்லை, தன் பிள்ளை எது என்று அவனுக்குத் தெரியவில்லை. பித்துப் பிடித்தவனாகச் சாயங்காலம் வரை அலைந்தான். கடைசியில் வேலியோரத்தில் தனியாக நின்ற ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்தான்.

வீட்டு வாசலில் அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். மருத்துவமனையில் நர்ஸ் பிள்ளையைக் கொடுத்தபோது நீட்டிய அதே மாதிரி.

"இதுதானா?"

"இதுதான்" என்றான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் எவனாலும் சொல்லியிருக்க முடியாது.

அது பெரிய மரமாக வேண்டாம் என்றாள் புனிதவதி. குட்டி குட்டியாகவே இருக்கட்டும். போன்சாய் வளர்ப்பதை அவள் கைப்பேசியில் கற்றுக்கொண்டாள். பனி கொட்டும் ஊர்களில் வீட்டுக்குள் நம்மூர் மரங்களைச் சட்டியில் வளர்க்கிறார்கள், கனடாவில் ஒருத்தி புளியங்கன்றையே வைத்திருக்கிறாள். குளிருக்கு வெடவெடக்கும் மரத்தை எப்படி ஏமாற்றுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேலே ஊதா வெளிச்சம் தரும் விளக்கு, சட்டிக்கு அடியில் தண்ணீரும் கூழாங்கல்லும் நிரப்பிய தட்டு, வேருக்குக் குளிர் தெரியாமல் வெதுவெதுப்பான தண்ணீர், துளிர் விட்டால் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். எல்லாம் செய்தாள். ஏர்கோன் குளிரை மட்டும் குறைக்கவுமில்லை, நிறுத்தவுமில்லை.

மகேந்திரன் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டான். தூங்குமூஞ்சியாவது, பதினாறு டிகிரியாவது. ஒரு மாதத்தில் இலை கொட்டிப் பட்டுப்போகும். அழுவாள், இன்னொரு முறை அழுது தீர்ப்பாள், பிறகு அந்த அறையை விட்டு வெளியே வந்து தன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவாள். அவ்வளவுதான் அவன் ஆசை. பெண்டாட்டி திரும்பி வர வேண்டும்.

கன்று பட்டுப்போகவில்லை. தழைத்தது. தண்டு அவன் கட்டைவிரல் பருமனுக்குத் திரண்டது.

இலை தூங்காத அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகுதான் வாசனை வரத் தொடங்கியது. முதலில் ஈர மண், தேங்கிய தண்ணீர், ஏர்கோனின் உலோகக் குளிர் என்று அந்த அறைக்கே உரிய வாசனைகளுக்கு அடியில் மெலிதாக, பழைய சட்டையை உதறினால் வருமே, அந்த மாதிரி ஒன்று. பிறகு நன்றாகவே தெரிந்தது. சுருட்டு. மலிவான கறுப்புச் சுருட்டு. வீட்டில் யாருக்கும் புகைக்கிற பழக்கம் இல்லை. மகேந்திரன் ஏணி போட்டு ஏறி ஏர்கோன் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தான். இரவெல்லாம் சீட்டாடிப் புகைக்கிற கிளப்புகளில் கழற்றுவானே, அதே பழுப்பு. விரலில் ஒட்டியது. கழுவக் கழுவ மஞ்சள் தண்ணீர் வந்தது.

"என்னங்க பாக்குறீங்க?"

"ஒன்னுமில்ல. தூசி."

அடுத்தது சத்தம். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம். சமையலறையில் அவன் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தான். பின்னறையிலிருந்து அவளுடைய ஆராரோ கேட்டது. வெளியே காற்று வாழை இலைகளைக் கிழிக்கிற சத்தம், கூரைத் தகரம் நெளிகிற சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் குரல் இழுத்து இழுத்துப் போய் ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றது. நின்ற இடத்தில் ஒரு இருமல். நெஞ்சுச் சளி கட்டிய, வயசான இருமல். அவள் சட்டியை மெல்லத் தட்டிக் கொடுக்கும் ஓசை. மறுபடியும் ஆராரோ. மறுபடியும் நிறுத்தினாள். மறுபடியும் இருமல். பக்கத்து வீட்டுக்காரர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து எவ்வளவோ நாளாகிறது. 

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வேர் வெட்டினாள். சட்டி மரத்துக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் வேர் சட்டியைச் சுற்றிச் சுற்றித் தானே தன் கழுத்தை நெரித்துக்கொள்ளும் என்று அந்தக் கனடாக்காரி சொல்லியிருந்தாளாம். பழைய நாளிதழ்களைப் பரப்பி, கன்றை வெளியே எடுத்து மடியில் சாய்த்து, பிள்ளைக்குச் சிக்கெடுப்பது போல மரக்குச்சியால் வேர்களை நீவிக்கொண்டிருந்தாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. எதுவோ டக்கென்று தாளில் விழுந்தது.

"என்னங்க, இங்க வாங்களேன்." குரல் தழுதழுத்தது. "நம்ம குட்டிக்குப் பல்லு மொளச்சிருக்கு."

உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கடைவாய்ப் பல். பெரிய மனிதருடையது. தேய்ந்து, வேர் இரண்டாகப் பிளந்து, புகையிலைக் கறை கறுப்பாக ஏறிய பல்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோஷத் தண்ணீர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவ்வளவு அழகாக அவளை அவன் பார்த்ததில்லை. அந்தப் பல்லைத் தட்டிவிட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

வீரண்ணன் இப்போது மகள் வீட்டில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் ஆள் பாதியாகியிருந்தார், ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. மகேந்திரன் நடந்ததைச் சொன்னான். பல்லைப் பற்றிச் சொல்லவில்லை. எந்த இடத்தில் தோண்டினான் என்பதை மட்டும் சொன்னான்.

"வேலியோரமா?" கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்க புள்ளைங்கள பொதைக்கிறதே இல்ல லா. புள்ளைங்க எல்லாம் கால்வா பக்கம்."

"அப்ப வேலியோரம் யாருண்ணே?"

"ஒரே ஆளுதான். லயத்துல கடைசி வூட்டுல தனியா கெடந்தாரு. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது. பால்மரம் வெட்டுவாரு, சுருட்டு குடிப்பாரு, இருமுவாரு. அவ்வளவுதான் அவரு." கிழவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சாவுறப்ப எழுவது வயசு இருக்கும்பா. படுத்த படுக்கையா ராப்பூரா அம்மா, அம்மான்னு கூப்புட்டுக்கிட்டே கெடந்தாரு. யாரு போவா? காலைல வேலைக்குப் போவணும் எல்லாருக்கும். அடக்கம் பண்ணி பால் தெளிக்கக்கூட சொந்தம்னு ஒரு ஆளில்ல. நாந்தான் ஒரு டின் பால ஒடச்சி ஊத்திட்டு வந்தேன்."

"என் புள்ள, அண்ணே?"

"அங்கதான் இருந்துச்சு, கால்வா ஓரம். இப்ப ரோடு போட்டுட்டானுங்கப்பா."

மகேந்திரன் போய்ப் பார்த்தான். புதுச் சாலை. இரண்டு பக்கமும் செம்மண், ஒரு நிழல் கிடையாது. கால்வாயையும் குழாயில் அடைத்துவிட்டிருந்தார்கள். சாலை நடுவில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைத் தாரின் மேல் வைத்தான். சுட்டது. கையை எடுக்கவில்லை. கல்கூட வைக்கக்கூடாத இடம் அது. பாரம் தாங்காத பிள்ளை. சூடு தாங்காத பிள்ளை. அப்பா என்று ஒருவன் இருந்தும் இப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கட்டட வேலைக்காரன் ஒருவன் வந்து தோளைத் தொடும்வரை மகேந்திரன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் வேனில் ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, இழுத்து இழுத்து வரும் சத்தம். இன்ஜின் பெல்ட் தேய்ந்திருக்கும் என்று நினைத்தான். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது கூடவுமில்லை, குறையவுமில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோதும் கேட்டது. இன்ஜினை அணைத்துப் பார்த்தான். அப்போதும் கேட்டது. பின்னால் திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டை அடையும்போது சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. பின்னறைக் கதவைத் திறந்தான். சுருட்டு வாசனை முகத்தில் அடித்தது. அதோடு இன்னொரு வாசனை. ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் இல்லாத வாசனை.

பால்.

புனிதவதி சட்டியை மடியில் வைத்திருந்தாள். அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. சட்டி மண் வெள்ளையாக ஊறியிருந்தது. கன்று அவள் மேல் சாய்ந்திருந்தது. மழை நேரம், பொழுதும் சாய்ந்த நேரம். ஒரு இலைகூட மூடவில்லை.

"புனிதா. அத கீழ வையி."

"பசிக்குதாம்."

"அது நம்ம புள்ள இல்ல." கடைசியில் சொல்லிவிட்டான்.  "எனக்கு இடம் தெரியல. எதையோ தோண்டி எடுத்துட்டு வந்து பொய் சொல்லிட்டேன். அது யாரோ ஒரு வயசானவரு. நம்ம புள்ள இன்னும் அங்கதான் இருக்கான். ரோட்டுக்கு அடியில. வெயில்ல."

அவள் கத்துவாள், அடிப்பாள், மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சால்வையை இழுத்துக் கன்றுக்கும் சேர்த்துப் போர்த்தினாள்.

"தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரியும். கையில வாங்குனப்பவே. பெத்தவளுக்குத் தெரியாதா, தன் புள்ள எது, வேற எதுன்னு?" குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவனை உலுக்கியது. "ஆனா இது என்னைய அம்மான்னு கூப்புடுதுங்க. நம்ம குட்டி அப்படிக் கூப்புடவே இல்ல. கூப்புடுறதுக்குள்ள போயிருச்சி."

"புனிதா..."

"ஒரே ஒருவாட்டி கேட்டுட்டேன். இனிமே என்னால கேக்காம இருக்க முடியாது."

அவள் மடியில் யாரோ இருமினார்கள்.

அப்போதுதான் அந்த மெல்லிய சத்தம் மறுபடியும் கேட்டது. வேனில் இல்லை. வீட்டுக்குப் பின்னால். மழைக்குள். பெல்ட் இல்லை அது. பிறந்து சில நாளே ஆன பிள்ளை அழுகிற அழுகை. மருத்துவமனையில் அந்தக் கடைசி இரவில் கேட்ட, பலமில்லாத, பூனைக்குட்டிக் குரல்.

அவளுக்கும் கேட்டது. கண்ணில் தெரிந்தது. ஒரு கணம் முகம் அப்படியே உடைந்தது. அவள் எழுந்துவிடுவாள் என்று நினைத்தான். உடனே இலைகள் சலசலத்தன. காற்றே இல்லாத அறையில். மரத்தின் நுனி அவள் கழுத்தோரம் ஒண்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆராரோவைத் தொடங்கினாள். உரக்க. இன்னும் உரக்க. வெளியே கேட்கும் குரலை அமுக்குகிற அளவுக்கு.

மகேந்திரன் ஜன்னலுக்குப் போனான்.

"தொறக்காதீங்க." பாட்டுக்கு நடுவிலேயே சொன்னாள். "குளிரு வெளிய போயிரும்."

கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி பூத்து வெள்ளையாக இருந்தது. கொல்லை தெரியவில்லை. மழை தெரியவில்லை. கொக்கியில் கை வைத்தான். அசைய மாட்டேன் என்றது. விரல் நுனிகள் மரத்திருந்தன. ஜன்னல் இடுக்கில், சட்டத்தைச் சுற்றி, கயிறு கயிறாக எதுவோ ஓடியிருந்தது. தொட்டுப் பார்த்தான். வேர். தரையோரமாகச் சட்டியிலிருந்து வந்து, சுவரேறி, கொக்கியை இறுக்கிப் பிடித்திருந்தது.

இழுத்தான். பிய்த்தான். நகம் கிழிந்தது.

அழுகை நின்றது.

கண்ணாடியின் கீழ் மூலையில் பனி கலைந்தது. ஐம்பது காசு அளவுக்கு ஒரு வட்டம். நடுவில் ஈறு தெரிந்தது. பல் இல்லாத சின்ன வாய். அது வெளியிலிருந்து கண்ணாடியில் பதிந்து, பால் குடிக்கிற பிள்ளை போல, மூடித் திறந்தது. மூடித் திறந்தது. அறைக்குள் புனிதவதி திரும்பிப் பார்க்காமல் பாடிக்கொண்டிருந்தாள். வாய் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.